மகள் சொன்ன சாட்சி

கண்டிப் பக்கத்து நீதிமன்றம் ஒன்றில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் மொழிபெயர்ப்பதும், சாட்சிகளிடம் சத்தியப் பிரமாணம் வாங்குவதும் என் வேலை. கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அதையும் அவராகவே நின்று 'நான்' என்று சொல்ல வேண்டும். நான் கத்தியால் குத்தினேன், நான் அந்தக் காணியை விற்கவில்லை, நான் அன்று வீட்டிலேயே இருந்தேன். இப்படி அடுத்தவர்களுக்காக 'நான்' சொல்லியே இருபத்தொரு வருடம் போய்விட்டது. பொய் சொல்கிறவரின் குரலில் ஒரு வழவழப்பு இருக்கும். அது என் காதுக்குத் தப்பாது. மொழிபெயர்ப்பில் மட்டும் அதைச் சேர்க்க முடியாது.

அந்த வியாழக்கிழமை மாலை நான் அடுப்படியில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். மகள் முன் அறை ஜன்னலோரம் நின்று தொலைபேசியில் பேசினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். தாழ்த்திப் பேசினால் எனக்கு நன்றாகக் கேட்கும்.

"ஞாயித்துக்கிழம நான்தான் சாட்சி சொல்லணும் அக்கா. பயமாத்தான் இருக்கு. இல்ல, வீட்டுல இன்னும் சொல்லல."

கை மாவிலேயே நின்றுவிட்டது.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. கண்டி நகரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலை ஆறுக்குள் திரும்பிவிடுவாள். கொஞ்ச நாளாகப் புதன்கிழமைகளில் ஏழரை ஆகிறது. கேட்டால், 'ஸ்டொக் எடுக்கிறாங்க' என்பாள். எந்தக் கண்ணாடிக் கடையில் வாராவாரம் ஸ்டொக் எடுக்கிறார்கள்? வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி. இவற்றையெல்லாம் நான் ஏற்கெனவே மனதில் தேதி வாரியாகப் பதிந்து வைத்திருந்தேன்.

முதலில் வந்த சந்தேகம் கல்யாணம். யாரோ தோழி வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்யப்போகிறாள், இவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அல்லது இவளே. ஆனால் அங்கேயும் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். சாட்சி சொல்வது கூண்டில்தான். அவள் 'சொல்லணும்' என்றாள். பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். கையெழுத்துப் போட யாரும் பயப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் கிடையாது என்பது மட்டும் இடித்தது, பொலிஸில் வாக்குமூலமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனபிறகு நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் அலுமாரியைத் திறந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. மடித்த சுடிதார்களுக்கு அடியில் ஒரு கொப்பி இருந்தது. அவளுடைய கையெழுத்து. பக்கம் பக்கமாகக் கேள்விகள்.

'விடியக்காலை. ஒருத்தர் இருட்டுன்னு சொல்றார். இன்னொருத்தர் சூரியன் வந்திடிச்சின்னு சொல்றார். போன பொம்பளைங்க எத்தனை பேர்? ஒருத்தியா, மூணு பேரா? கல்லை யார் தள்ளினது? காவல் நின்னவங்க தூங்கிட்டோம்னு சொன்னா, திருடினது யார்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? துணி மட்டும் அங்க இருந்திச்சி. உடம்பு இல்ல.'

கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு.

இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் பார்த்தது குறுக்கு விசாரணைக்குத் தயாரித்த குறிப்பு. சட்டத்தரணிகள் வைத்திருக்கும் கொப்பிகள் அச்சாக இப்படித்தான் இருக்கும். ஒரு சடலம் காணாமல் போயிருக்கிறது. என் மகளுக்கு அதைப் பற்றி ஏதோ தெரியும். காவல் போட்ட இடம் என்றால் பெரிய விவகாரம். சாட்சி சொல்கிறவர்களுக்கு என்னென்ன நடக்கும் என்பதைப் பார்த்தே வயதானவள் நான். தொலைபேசியில் வந்த மிரட்டலால் ஒரே வாரத்தில் வாக்குமூலத்தை மாற்றிய பெண்ணுக்கு நான்தான் குரல் கொடுத்தேன். 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று அவளுக்காகச் சிங்களத்தில் சொன்னவளும் நான்தான்.

பிற்பகல் நீதிமன்றத்துக்குப் போனதும், தெரிந்த பொலிஸ் சார்ஜன் ஒருவரிடம் சும்மா கேட்பது போல, சடலம் காணாமல் போன வழக்கு ஏதும் இந்தப் பக்கம் வந்திருக்கிறதா என்று விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்த கதைகள் உண்டு, காணாமல் போனது கிடையாது, மிஸ்ஸுக்கு வேண்டியவர்கள் யாராவதா என்றார். இல்லை, பத்திரிகையில் பார்த்தேன் என்று பொய் சொன்னேன். என் குரலும் வழவழப்பாகத்தான் இருந்திருக்கும்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் தோட்டக் கணக்குப்பிள்ளை வேலையிலிருந்து வந்து இப்போது டவுனில் ஒரு தேயிலைக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்கிறார். என்னைவிட நிதானம். அந்த நிதானத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

"அவகிட்டயே கேளேன்," என்றார்.

"கேட்டா உசாராகிடுவா."

"உசாராகிறதுக்கு அவ என்ன கள்ளனா? நம்ம பிள்ளப்பா."

"எல்லாக் கள்ளனும் யாரோ ஒருத்தரோட பிள்ளதான்."

"இதுக்குத்தான் சொல்றேன், நீ கோட்டுல இருந்து வந்ததும் முதல்ல மூஞ்சக் கழுவு," என்று சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டார்.

அவளிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் பின்னால் போனேன்.

கண்டி வரைக்கும் ஒரு பஸ். அவள் முன்னால், நான் பின்கதவுக்குப் பக்கத்தில் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து கம்பளைப் பஸ். கெலிஓயாவில் இறங்கினாள். இறங்கிய இடத்தில் அவளுடைய கடையில் வேலை செய்கிற அந்த அக்கா நின்றாள். வேதக்காரப் பெண், அதாவது கிறிஸ்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும், கடைக்குப் போனால் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தருகிறவள். இருவரும் கைகோத்துக்கொண்டு ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறினார்கள். மேலிருந்து டிரம்ஸ் சத்தம் கேட்டது. கீழே ஒரு சிறிய பலகை. சபை என்று போட்டிருந்தது.

அப்போதுதான் எனக்குச் சங்கதி பாதி விளங்கியது. கொலை இல்லை என்ற நிம்மதி பத்து வினாடி இருந்தது. பிறகு வேறு பயம் வந்து உட்கார்ந்தது. மா கொடுத்து, சீனி கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்று எங்கள் சனங்கள் எத்தனை கதை சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

படியேறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாற்பது பிளாஸ்டிக் கதிரைகள் இருக்கும். ஒரு வயதான அம்மா என் பக்கத்தில் வந்து, "முதல் தரமா வர்றீங்க?" என்று கேட்டார். சொந்தக்காரரைத் தேடி வந்தேன் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க," என்று சொல்லிப் பாட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்தார். நான் அதைத் திறக்கவில்லை. யார் யார் இருக்கிறார்கள், இவளை யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். டிரம்ஸ் அடித்தவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். நல்ல முகம். பாட்டுக்கு நடுவே இவளைப் பார்த்து ஒருமுறை சிரித்தான். சரி, இவன்தான் என்று முடிவு செய்தேன்.

பிறகு பாஸ்டர், "இன்னைக்கு நம்ம தங்கச்சி சாட்சி சொல்லுவாங்க," என்றார். மெலிந்த மனிதர், மேல்பொத்தான் வரை போட்ட சட்டை. என் மகள் எழுந்து முன்னால் போனாள்.

அந்தச் சொல்லுக்கு அவர்களிடம் இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. தனக்கு நடந்ததை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வது. கேள்வி கேட்க யாரும் இல்லை. சத்தியப் பிரமாணம் இல்லை. இருபத்தொரு வருடம் அந்தச் சொல்லை வைத்துச் சாப்பிட்டவள், அதன் மறுபக்கத்தை ஒரு ஹாட்வெயார் கடை மாடியில் கற்றுக்கொண்டேன்.

அவள் என்னைக் காணவில்லை. நடுங்கிய குரலில் ஆரம்பித்தாள்.

"எங்கம்மா கோட்டுல வேல செய்றாங்க. ஒரு நாள் அவங்க கண்ணாடிய வீட்டுல மறந்துட்டுப் போயிட்டாங்க. நான் கொண்டு போய் குடுத்துட்டுப் பின்னால உக்காந்திருந்தேன். சாட்சிக்கு ஏறுன ஒரு ஐயா வேதக்காரர். அவர்கிட்ட அம்மா வேதப்புத்தகத்த நீட்டினாங்க, அவர் தொட்டு சத்தியம் பண்ணினாரு. வீட்டுக்கு வந்து கேட்டேன், அம்மா, தினம் நீட்டுறீங்களே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு. எனக்கென்ன தெரியும், நான் திறந்ததே இல்லன்னாங்க."

சபையில் சிரித்தார்கள். நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அந்தப் புத்தகத்தின் கறுத்த அட்டை, உதிரும் முதுகு, ஆயிரம் விரல்கள் பட்ட பளபளப்பு எல்லாம் எனக்குத் தெரியும். உள்ளே எனக்குத் தெரியாது.

கடை அக்காவிடம் பழைய பிரதி ஒன்றை வாங்கி வாசித்தாளாம். கொஞ்சத் தூரத்திலேயே, சத்தியமே பண்ணக்கூடாது, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அது போதும் என்ற கருத்தில் ஓரிடம் வந்ததாம். சத்தியம் பண்ணாதே என்கிற புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ண வைக்கிறார்களே என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்தாளாம். இதைக் கண்டுபிடித்தாயிற்று, இன்னும் என்னென்ன கோளாறு இருக்கிறது பார்ப்போம் என்றுதான் மேற்கொண்டு வாசித்தாளாம்.

"அப்புறம் இயேசு உயிர்த்தெழுந்தத நாலு பேர் எழுதினத பக்கத்துல பக்கத்துல வச்சிப் பார்த்தேன். ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. மாட்டிக்கிட்டாங்கன்னு நெனச்சேன். ஒரு கொப்பி எடுத்து எழுதினேன். எழுதிட்டு அம்மாகிட்ட கேட்டேன், எங்க இருந்து கேக்கிறேன்னு சொல்லாம."

அவள் கேட்டது எனக்கு அந்த இடத்திலேயே ஞாபகம் வந்தது. நாலைந்து மாதத்துக்கு முன், இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"அம்மா, நாலு பேர் ஒரே சம்பவத்தப் பத்தி நாலு விதமா சொன்னா அது பொய்யா?"

"சின்னச் சின்ன விசயத்துல வித்தியாசம் வரத்தான் செய்யும். அதுக்காகப் பொய்யின்னு இல்ல. நாலு பேரும் அச்சு மாறாம ஒண்ணு போல சொன்னாத்தான் நான் சந்தேகப்படுவேன். உக்கார வச்சி சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம்."

"மாத்திச் சொன்னாலும் உங்கம்மாவுக்கு சந்தேகம், ஒண்ணு போல சொன்னாலும் சந்தேகம்," என்று கணவர் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "நான் இருபத்தஞ்சு வருசமா கூண்டுலதான் நிக்கிறேன்."

மூவரும் சிரித்தோம். நான் அவளுக்கு இன்னொரு கரண்டி பருப்பு வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அவள் அதையே நாற்பது பேர் முன்னால் சொன்னாள். "எங்கம்மாவுக்குப் பொய்ச்சாட்சியத் தெரியும். அவங்க அப்படி சொன்னதும் நான் கொப்பிய மூடிட்டேன். குத்தம் பாக்கிறத விட்டுட்டு, இவங்க என்னதான் சொல்ல வர்றாங்கன்னு திரும்ப முதல்ல இருந்து வாசிச்சேன். வாசிக்க வாசிக்க, எனக்கு இயேசுவப் பிடிச்சிப் போச்சி. யாரும் சேக்காத ஆளுங்களோட உக்காந்து சாப்பிட்டாரு. நான் அங்க ஒண்ணும் பாக்கல. ஆனா நம்புறேன்."

என் தலைக்குள் அது சிங்களமாகிக்கொண்டே இருந்தது. யார் பேசினாலும் அப்படித்தான், நிறுத்த முடியாது. 'நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.' எங்கள் இடத்தில் அப்படிச் சொன்னால் உடனே எழுந்து ஆட்சேபிப்பார்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்பார்கள். அங்கே எல்லாரும் மெதுவாகக் கைதட்டினார்கள். அவளுடைய குரலை நான் கவனமாகக் கேட்டேன். முடிந்த மட்டும் தேடினேன். வழவழப்பு இல்லை.

அவள் திரும்பி நடக்கும்போது என்னைக் கண்டாள். நான் எழுந்து படியிறங்கினேன். பின்னாலேயே ஓடி வந்தாள். ஹாட்வெயார் கடை மூடியிருந்தது. அதன் முன்னால் கம்பிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"எவ்வளவு நாளா?"

"ஆறு மாசம்."

"யார் உனக்கு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நான்தான் எல்லாரையும் கேட்டுத் தொல்ல பண்ணினேன். பாஸ்டரே, இவ கேள்வி கேட்டு நம்மள வேதத்த விட்டு அனுப்பிடுவா போலன்னு சொன்னாரு."

"அந்த டிரம்ஸ்காரன்?"

"அம்மா, அவருக்கு ரெண்டு பிள்ளைங்க. அவரோட வைஃப்தான் பாட்டு சொல்லித் தந்தாங்க." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இவ்வளவும் கேட்டதுக்குப் பிறகும் பையன்னு சந்தேகமா?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் கம்பிக் கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். "சொன்னா விசாரிப்பீங்க. பதில் சொல்லிடுவேன், அதுக்குப் பயம் இல்ல. ஆனா நான் பேசுறப்ப நீங்க என்னப் பாக்க மாட்டீங்க. எங்க பொய்யின்னுதான் பாப்பீங்க. மேல நான் திரும்பினப்ப கூட அப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவளுடைய அலுமாரியைத் திறந்ததை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவள் கொப்பியை எடுத்து வந்து மேசையில் என் முன்னால் வைத்தாள். இனி ஒளிக்க வேண்டாமே என்றாள். அது என்னை அடித்தது போல இருந்தது.

அன்று நாங்கள் வீடு திரும்பியபோது கணவர், "என்னவாம், கொலையா கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தார். வேதத்துக்குப் போகிறாளாம் என்றேன். முகம் மாறிவிட்டது. அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "திருவிழாவுக்கு தோட்டத்துக்கு வருவியா?"

"வருவேன் அப்பா. கும்பிட மாட்டேன்."

"சனம் கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். அது சம்மதமா சலிப்பா என்று எனக்கே தெரியவில்லை. இப்போது வீட்டில் அவர் சாமி விளக்குக்குத் தானே திரி போடுகிறார். முன்பு அது மகளின் வேலை.

வருகிற பௌர்ணமிப் போயா விடுமுறையில் அவளுக்கு ஞானஸ்நானம். கெலிஓயாவில் மகாவலி ஆற்றில். போன வாரம் சொன்னாள். தண்ணீரிலிருந்து ஏறியதும் மாற்று உடுப்பும் துவாயும் வைத்துக்கொண்டு ஒருவர் கரையில் நிற்க வேண்டுமாம்.

"உன் அக்கா இல்லையா?"

"இருக்காங்க. நான் கேக்கிறது உங்கள."

அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன். அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். அந்த நாலு பேர் எழுதியதையும் பென்சிலோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். நம்புவதற்காக அல்ல. சொல்லிக் கொடுத்த இடம் எங்காவது இருக்கும், அதைக் கண்டுபிடித்து அவளிடம் காட்டினால் திரும்பி வந்துவிடுவாள் என்று. ஒன்றை வாசித்தால் அடுத்தவர் இதை எப்படிச் சொல்கிறார் என்று பார்க்கத் தோன்றுகிறது. பார்த்தால் இன்னொரு கேள்வி வருகிறது. நேற்று பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். அவளும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறாள். எனக்கு இது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை வீட்டில் சொல்லாமல் கெலிஓயாவுக்குப் போய்ப் பாஸ்டரைக் கண்டு, ஆற்றில் அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். மழை விட்டுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. மகாவலியை நான் நம்புவதில்லை. அது மேலே ஒரு மாதிரியும் அடியில் ஒரு மாதிரியும் போகும்.

"எவ்வளவு ஆழம்?"

"இடுப்பளவுதாம்மா."

"யாரோட இடுப்பு?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அவ அஞ்சடிதான் இருக்கா. நீச்சல் தெரியாது. எவ்வளவு நேரம் முக்கி வைப்பீங்க?"

"முக்கி வைக்கிறது இல்லம்மா. முக்கி உடனே எடுத்திடுறது. ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சிக்கிட்டு நிப்போம்."

"நீங்க எங்க நிப்பீங்கன்னு காட்டுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காற்சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். தொடை வரை வந்ததும் நின்று கையைக் காட்டினார். இன்னும் இரண்டடி தள்ளிப் போங்கள் என்றேன். போனார். அங்கேயும் இடுப்புக்கு ஏறவில்லை. கால் வழுக்குகிறதா என்று கேட்டேன். மணல்தான், வழுக்காது என்றார். இன்னொருமுறை நடந்து காட்டச் சொன்னேன். அதையும் செய்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம், "தடிச்ச துவாயா ரெண்டு எடுத்து வை. அந்தத் தண்ணி குளிரும்," என்றேன்.

அவள் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வர்றீங்களா?"

"துவாய் பிடிக்க வர்றேன். வேற எதுக்கும் சம்மதம்னு எழுதிக்காத."

"எழுதல," என்றாள். இந்த முறை நான் அவளுடைய குரலைத் துழாவவில்லை, முகத்தைப் பார்த்தேன்.